ஆள் இல்லாத ஊருக்கு இரண்டு உறுப்பினர்கள்

இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரிலிருந்து வடக்கே இரண்டு மைல் போனால் பெரிய மண்மேடு ஒன்று வரும். சுற்றிலும் பழங்காலத்து அகழி. மேலே இடிந்த கோட்டைச் சுவர்கள், ஒரு தேவாலயத்தின் அடித்தளம். மற்றதெல்லாம் புல். இந்த இடத்துக்கு ஓல்ட் சேரம் என்று பெயர். 1831இல்கூட இந்தப் புல்மேடு லண்டன் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. பஞ்சாலைகளால் பெருத்துப்போயிருந்த மான்செஸ்டருக்கு அப்போது ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

இத்தகைய தொகுதிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'ராட்டன் பரோ'. பரோ என்பது உறுப்பினரை அனுப்பும் உரிமை பெற்ற ஊர். ராட்டன் என்றால் உளுத்துப்போனது, அழுகியது. வரலாற்றுப் பாடப்புத்தகங்களில் இந்தச் சொல் ஒரு வரியில் வந்து ஒரு வரியில் போய்விடும். ஓட்டுக்குக் காசு கொடுக்கும் ஊர் போலிருக்கிறது என்றுதான் நானும் பல காலம் நினைத்திருந்தேன். தாமஸ் பிட் என்ற வணிகரின் கதையைப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஓட்டை விலைக்கு வாங்குவது ஒரு வகை. ஒரு தொகுதியையே பத்திரம் எழுதி, கிரயம் செய்து, பிள்ளைகளுக்குச் சொத்தாக வைத்துவிட்டுப் போவது இன்னொரு வகை. பிட் செய்தது இரண்டாவது. அவரைத் தெரிந்துகொண்டால் ராட்டன் பரோவும் தெரிந்துவிடும்.

தாமஸ் பிட் 1653இல் டார்செட் மாவட்டத்தில் பிளாண்ட்ஃபர்ட் செயின்ட் மேரி என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை அந்த ஊர்ப் பாதிரியார். பெரிய சொத்து ஒன்றும் கிடையாது. இருபது வயதை ஒட்டி கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் ஏறி வங்கக் கரைக்கு வந்தார். பாலசோரில் இறங்கியவர் கம்பெனியை உதறிவிட்டுச் சொந்தமாக வியாபாரம் தொடங்கிவிட்டார்.

அது குற்றம். ஏன் குற்றம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். 1600ஆம் ஆண்டு எலிசபெத் அரசி கொடுத்த சாசனப்படி, நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே வணிகம் செய்யும் உரிமை இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு மட்டுமே உண்டு. வேறு ஆங்கிலேயர் யாராவது கப்பல் விட்டால் அவருக்கு 'இன்டர்லோப்பர்' என்று பெயர். அடுத்தவன் வயலில் வேலி தாண்டிப் புகுந்து மேய்கிறவன் என்பதுபோல ஒரு வசவு. வேலியைப் போட்டது கம்பெனி என்பதால் வசவும் கம்பெனியுடையது. வேலிக்கு வெளியே நின்றவர்களோ அதைச் சுதந்திர வணிகம் என்றார்கள்.

பிட் எப்படிப்பட்ட வேலிதாண்டி என்பதற்கு 1682ஆம் ஆண்டு நடந்ததைப் பார்த்தால் போதும். அவரைப் பிடித்து அனுப்பச் சொல்லி உத்தரவு கொடுத்து வில்லியம் ஹெட்ஜஸ் என்பவரைக் கம்பெனி வங்கத்துக்கு அனுப்பியது. பிடிக்க வந்தவரின் கப்பலைப் பிட்டின் கப்பல் முந்திவிட்டது. ஹெட்ஜஸ் வந்து சேர்வதற்குள் பிட் பாலசோரில் இறங்கி, சிவப்பு அங்கி போட்ட சிப்பாய்கள் முன்னால் நடக்க, எக்காளம் ஊத, ஹூக்ளியில் ஊர்வலமாகப் போனார். நீ யார் என்று கேட்டவர்களுக்குப் "புதிய கம்பெனியின் ஏஜென்ட்" என்று பதில். அப்படி ஒரு கம்பெனியே அப்போது கிடையாது! உள்ளூர் முகலாய அதிகாரிகளுக்கு இதில் நட்டம் ஒன்றும் இல்லை. வாங்க இரண்டு பேர் போட்டி போட்டால் விற்பவனுக்குக் கசக்குமா? ஹெட்ஜஸ் தன் நாட்குறிப்பில் எழுதிப் புலம்பியதுதான் மிச்சம்.

ஊர் திரும்பியதும் வழக்கு வந்தது. 1687இல் 1,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அது பிறகு 400 ஆகக் குறைந்தது. பிட்டைப் பொறுத்தவரை அது வியாபாரச் செலவுக் கணக்கில் ஒரு வரி. சேர்த்திருந்த பணத்தில் சாலிஸ்பரியை ஒட்டி நிலம் வாங்கினார். 1690களின் தொடக்கத்தில் சாலிஸ்பரி பிரபுவிடமிருந்து அவர் வாங்கிய நிலங்களில் நான் மேலே சொன்ன புல்மேடும் ஒன்று.

ஆடு மேய்க்கும் மேட்டை வணிகர் ஏன் வாங்க வேண்டும்? இங்கே கொஞ்சம் நிதானிப்போம்.

ஓல்ட் சேரம் ஒருகாலத்தில் உண்மையிலேயே ஊராக இருந்தது. நார்மன் அரசர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள், 11ஆம் நூற்றாண்டில் பேராலயமும் எழுந்தது. ஆனால் மேட்டில் காற்று ஓயாது, தண்ணீர் கிடைக்காது, கோட்டைப் படைவீரர்களுக்கும் பாதிரியார்களுக்கும் ஒத்துப்போகாது. 1220இல் பேராலயத்தைக் கீழே ஆற்றங்கரைக்கு மாற்றினார்கள். இன்றைய சாலிஸ்பரி அப்படி உருவானதுதான். சாமி இறங்கிப் போனதும் சனமும் இறங்கிப் போய்விட்டது. மேட்டில் வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் உரிமை மட்டும் மேட்டிலேயே தங்கிவிட்டது.

காரணம் எளிமையானது. தேர்தல் வரும்போது, எந்தெந்த ஊர் உறுப்பினரை அனுப்பலாம் என்ற பழைய பட்டியலைப் பார்த்து அரசர் பெயரில் ஆணை போகும். பட்டியலில் பெயர் இருந்தால் ஆணை வரும். ஊர் இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தொகுதி மறுவரையறை என்று இன்று நாம் சொல்லும் ஏற்பாடே அங்கே கிடையாது. சஃபோக் கரையில் டன்விச் என்றொரு துறைமுகம் இருந்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. கரையில் மிஞ்சிய சில வீடுகளுக்கு 1832 வரை இரண்டு உறுப்பினர்கள்.

யாருக்கு ஓட்டு என்பதும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. சில ஊர்களில் வரி கட்டுபவருக்கு, சிலவற்றில் நகர்மன்றத்தாருக்கு மட்டும். இன்னும் சில ஊர்களில் தனி அடுப்பு வைத்துச் சொந்தமாகப் பானை கொதிக்க வைக்கிற ஆண்மகனுக்கெல்லாம் ஓட்டு. அவர்களுக்குப் 'பாட்வாலப்பர்' என்று பெயர். ஓல்ட் சேரத்தில் இருந்த முறை 'பர்கேஜ்'. குறிப்பிட்ட சில மனைகளுக்கு ஓட்டுரிமை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மனை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஓட்டு. அங்கே வீடு இருக்க வேண்டியதில்லை, அவர் குடியிருக்கவும் வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மனைகள் ஓல்ட் சேரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதாம்.

மனை விற்பனைக்குரிய பொருள். மனையோடு ஓட்டு ஒட்டியிருந்தால் ஓட்டும் விற்பனைக்குரிய பொருள்தானே? எல்லா மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் தேர்தலே அவருடையது. பிட் போன்ற சரக்கு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தெரியாமல் போகுமா?

தேர்தல் நடந்த விதம் இன்னும் வேடிக்கை. மேட்டுக்குக் கீழே ஒரு வயல். தேர்தல் காணி என்று பொருள்படும் பெயரே அதற்கு இருந்தது. அங்கே ஓர் எல்ம் மரம், அதன் பெயர் நாடாளுமன்ற மரம். பர்கேஜ் தொகுதிகளில் ஒரு பழக்கம் உண்டு. தேர்தலுக்குச் சற்று முன் நிலச் சொந்தக்காரர் தனக்கு நம்பிக்கையான சிலர் பெயரில் மனைகளைத் தற்காலிகமாக மாற்றிக் கொடுப்பார். அவர்கள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இவரையே தேர்ந்தெடுக்கிறோம்" என்று வாய்விட்டுச் சொல்வார்கள். இரகசிய வாக்கு பிரிட்டனுக்கு வந்தது 1872இல்தான். வேலை முடிந்ததும் பத்திரம் சொந்தக்காரரின் பெட்டிக்குத் திரும்பிவிடும். மரத்தடியில் ஆணையை வாசித்துப் பெயரை அறிவித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். லஞ்சம் கொடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லாத தேர்தல் என்பதால் இதை ஒருவகையில் தூய்மையான தேர்தல் என்று நகைச்சுவையாகச் சொல்லலாம்.

நாடாளுமன்ற உறுப்பினருக்கு அந்தக் காலத்தில் சம்பளம் கிடையாது. அப்படியிருந்தும் இடத்துக்குப் போட்டி ஏன்? உறுப்பினரைக் கடனுக்காகக் கைது செய்ய முடியாது என்ற பாதுகாப்பு ஒன்று. பிட்டுக்கு இன்னொன்றும் முக்கியம். கம்பெனியின் சாசனம் அரசர் கொடுத்தது. 1688 புரட்சிக்குப் பிறகு அரசரின் கை தாழ்ந்து நாடாளுமன்றத்தின் கை ஓங்கியது. அப்படியானால் கம்பெனியின் வேலியைப் பிடுங்க வேண்டிய இடம் வங்கக் கடலில் இல்லை, நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கிறது. 1689இல் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குப் போன பிட், 1690 முதல் 1695 வரை ஓல்ட் சேரத்தின் உறுப்பினர். 1694 ஜனவரியில் மக்களவை ஒரு தீர்மானம் போட்டது. நாடாளுமன்றச் சட்டம் தடுத்தாலொழிய, கிழக்கு நாடுகளோடு வணிகம் செய்ய இங்கிலாந்துக் குடிமக்கள் எல்லாருக்கும் சம உரிமை உண்டு என்றது அது. இன்டர்லோப்பர்களின் வாதத்தை அப்படியே எடுத்து எழுதியது போன்ற தீர்மானம். இதில் வேடிக்கை என்னவென்றால், உறுப்பினர் பிட் உறுப்பினராக இருந்தபடியே 1693இல் மீண்டும் வங்கத்துக்குத் திருட்டுக் கப்பல் கிளம்பிப் போயிருந்தார்.

கம்பெனி களைத்துப்போனது. அடித்துத் திருத்த முடியாதவனை வேலைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்து, 1697இல் அவரையே சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக நியமித்தது. 1698 ஜூலையில் வந்து இறங்கினார், 1709 வரை இருந்தார். அதற்குள் லண்டனில் நிஜமாகவே ஒரு புதிய கம்பெனி தொடங்கி, அதன் ஆளாக மசூலிப்பட்டினத்துக்கு வந்தவர் ஜான் பிட், நம்மவருக்கு உறவினர். முன்னாள் வேலிதாண்டி இப்போது பழைய கம்பெனியின் வேலிக்குக் காவல் நின்று, உறவினரை வாய்க்கு வந்தபடி திட்டிக் கடிதம் எழுதினார்.

சென்னைக் காலத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே இரண்டு சேதி போதும். 1702இல் நவாப் தாவுத் கான் ஊரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். பணம் கொடுத்துப் பேசி முடித்தார் பிட். பிறகு 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்கள் கம்பெனிக்குக் கிடைத்ததும் இவர் காலத்தில்தான்.

கவர்னருக்குச் சம்பளம் ஆண்டுக்கு 300 பவுண்டு. யாரும் அதை நம்பி வேலைக்கு வரவில்லை. ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே சொந்தச் சரக்கு அனுப்பிச் சம்பாதிக்கக் கம்பெனி தன் ஊழியர்களை அனுமதித்தது. சம்பாதித்ததை இங்கிலாந்துக்குக் கொண்டுபோவதுதான் சிக்கல், ஏனெனில் ஐரோப்பாவுக்கான சரக்குப் போக்குவரத்து கம்பெனிக்கு மட்டுமே உரியது. இதற்கு எல்லாரும் கண்ட வழி வைரம். ஒரு கப்பல் துணியின் மதிப்பு சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். கிட்டத்தட்ட பணத்தை ஊர்விட்டு ஊர் அனுப்பும் உண்டியல் சீட்டு மாதிரி.

1701 டிசம்பரில் ஜாம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரி சென்னைக்கு வந்தார். கூடவே வேங்கட செட்டி என்று நாம் சொல்லக்கூடிய ஒருவர். பிட் அந்தப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார். ஜாம்சந்திடம் பட்டை தீட்டாத ஒரு கல். எடை சுமார் 305 'மாங்கலின்' என்கிறார் பிட். இந்த விசித்திரமான சொல் நம் மஞ்சாடிதான். தமிழிலும் தெலுங்கிலும் மஞ்சாடி விதையை வைத்துக் கல்லுக்கு எடை போட்ட வழக்கத்தை ஐரோப்பிய நாக்கு இப்படித் திருப்பிக்கொண்டது. இன்றைய கணக்கில் கல் சுமார் 410 காரட்.

ஜாம்சந்த் கேட்ட விலை இரண்டு லட்சம் வராகன். பிட் சொன்னது 30,000. இதைக் கேட்டு யாருக்கும் கோபம் வரவில்லை. இரு தரப்புக்கும் ஆட்டம் தெரியும். ஜாம்சந்த் கல்லை எடுத்துக்கொண்டு போவார், திரும்ப வருவார், விலையைக் கொஞ்சம் இறக்குவார். பிட் கொஞ்சம் ஏற்றுவார். ஒருநாள் படியவில்லை என்று இருவரும் விடைபெற்றுக்கொண்டார்கள். சிறிது நேரம் கழித்து ஜாம்சந்த் மீண்டும் வாசலில் நின்றார். முடிந்த விலை 48,000 வராகன், சுமார் 20,400 பவுண்டு. கவர்னர் சம்பளத்தில் கணக்குப் போட்டால் 68 ஆண்டு வருமானம்!

இவ்வளவு விவரம் நமக்குத் தெரிவதற்கே ஒரு வதந்திதான் காரணம். கல்லை அடித்துப் பிடுங்கினார், திருட்டுக் கல்லென்று தெரிந்தே வாங்கினார் என்று ஊர் பேசியது. சுரங்க அடிமை ஒருவன் தன் தொடையைக் கிழித்து உள்ளே ஒளித்துக் கொண்டுவந்தான் என்ற கதையும் சுற்றியது. 1710இல் நாடு திரும்பும் வழியில் நார்வேயின் பெர்கன் நகரில் தங்கியபோது, நியாயமான விலைக்குத்தான் வாங்கினேன் என்று கடவுள் சாட்சியாகப் பிட் ஒரு வாக்குமூலம் எழுதி வைத்தார். வாணிகனின் நிதானம் அந்தப் பத்திரம் முழுக்கத் தெரிகிறது. ஜாம்சந்துக்கு வேறு வாங்குபவர் யார் இருந்தார், துறைமுகத்துக்கே அதிபதியாக உட்கார்ந்திருப்பவரோடு பேரம் பேசுவது எவ்வளவு சமமான பேரம் என்ற கேள்விகளை மட்டும் அது தொடவில்லை.

கல்லை மூத்த மகன் ராபர்ட் கையில் 1702இலேயே லண்டனுக்கு அனுப்பிவிட்டார். பட்டை தீட்டி முடித்தபோது அது சுமார் 140 காரட் ஆனது. அதன்பின் வாங்க ஆள் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் அவஸ்தை. அவ்வளவு பெரிய கல்லுக்கு அரசர்கள்தான் வாடிக்கையாளர்கள், அரசர்கள் கையிலோ போருக்கே பணம் போதவில்லை. கடைசியில் 1717இல், ஜான் லா என்ற பொருளாதார நிபுணரின் தூண்டுதலில், பிரான்ஸின் அரசப் பிரதிநிதி ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். ரீஜென்ட் வைரம் என்ற பெயரில் அது இன்றும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்று பார்த்தால் நம் புல்மேட்டுக்கே திரும்பி வருவோம். கார்ன்வாலில் போகொனக் என்ற பெரிய பண்ணை, பெர்க்‌ஷயரில் சுவாலோஃபீல்ட், இவற்றோடு ஓக்ஹாம்ப்டன் தொகுதியில் செல்வாக்கு. வணிகர் வீட்டுச் சொத்துப் பட்டியலில் வயல், மாளிகை, தொகுதி எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. ஒரு குடும்பத்தின் சட்டைப்பைக்குள் அடங்கிய இத்தகைய தொகுதிக்குப் 'பாக்கெட் பரோ' என்றும் பெயர். உளுத்துப்போவது ஊரின் நிலை, சட்டைப்பை என்பது யார் கையில் இருக்கிறது என்பதைக் குறிப்பது. ஓல்ட் சேரம் இரண்டும்தான்.

பிட் 1710இல் மீண்டும் ஓல்ட் சேரம் உறுப்பினரானார். இடையில் ஜமைக்கா கவர்னராக நியமிக்கப்பட்டார், ஆனால் போகவில்லை. சில ஆண்டுகள் தெர்ஸ்க் தொகுதி, பிறகு 1722இல் மறுபடி தன் சொந்த மேடு. 1726இல் இறந்தார். அவையில் பெரிதாகப் பேசிப் பெயர் வாங்கியவர் அல்ல. மகள் லூசியை மணந்த ஜேம்ஸ் ஸ்டான்ஹோப் தலைமை அமைச்சராக உயர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பேச்சு அவருக்குத் தேவைப்படவில்லை என்று தோன்றுகிறது.

பேசியவர் பேரன். ராபர்ட்டின் இளைய மகன் வில்லியம் பிட் 1735இல் 26 வயதில் முதன்முதலாக உறுப்பினரானது ஓல்ட் சேரத்திலிருந்துதான். அண்ணன் இரண்டு தொகுதிகளில் தேர்வாகி ஓக்ஹாம்ப்டனை வைத்துக்கொண்டார், மீதமிருந்தது தம்பிக்கு. பிற்காலத்தில் ஏழாண்டுப் போரை நடத்திய மூத்த பிட் இவர். வைரம் விற்ற வீட்டில் வளர்ந்து, மரத்தடித் தேர்தலில் ஜெயித்து வந்த இவரே 1766இல் அவையில் எழுந்து, இந்தத் தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்றார். நூறு ஆண்டு தாங்காது, தானாக உதிராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

அவர் மகன் இளைய பிட், 24 வயதில் பிரதமரானவர், வெட்டிப் பார்த்தார். 1785இல் அவர் கொண்டுவந்த திட்டத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 36 உளுத்த தொகுதிகளை ஒழிக்க வேண்டும், அதற்காகச் சொந்தக்காரர்களுக்கு நட்டஈடு தரப் பத்து லட்சம் பவுண்டு ஒதுக்க வேண்டும் என்றது அது. அதாவது சீர்திருத்தக்காரருக்கே தொகுதி என்பது விலை கொடுத்துத்தான் பெற வேண்டிய சொத்து. கொள்ளுத்தாத்தாவின் ரத்தம்! 174 பேர் ஆதரித்தார்கள், 248 பேர் எதிர்த்தார்கள், திட்டம் விழுந்தது.

1802இல் பிட் குடும்பத்தார் ஓல்ட் சேரத்தை விற்றார்கள். வாங்கியவர் அயர்லாந்தின் காலடன் பிரபு. அவருடைய தந்தையும் இந்தியாவில் கம்பெனி வேலை பார்த்துச் செல்வம் சேர்த்தவர். பிரபுவின் முதற்பெயரான டுப்ரே, 1770களில் சென்னை கவர்னராக இருந்த உறவினரின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. விலை 60,000 பவுண்டு. நிலத்திலிருந்து ஆண்டுக்குக் கிடைக்கக்கூடிய வருமானம் அதிகம் போனால் 700 பவுண்டு. மீதி விலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

1831இல் அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் 11 பேர். அவர்களில் ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த சீர்திருத்தச் சட்டம் 56 பரோக்களை ஒரே வீச்சில் பட்டியலிலிருந்து நீக்கியது. ஓல்ட் சேரமும் டன்விச்சும் அதில் அடக்கம். மான்செஸ்டருக்கு இரண்டு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். இந்த முறை நட்டஈடு என்ற பேச்சே இல்லை. காலடன் பிரபுவின் கையில் மிஞ்சியது புல் மட்டும்தான்.